முப்பதாயிரம் ரூபாய் கார்டு எங்கே முட்டும்?

மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்க நினைப்பவர் நான்கு இடத்தில் விலை விசாரிப்பார். நாகர்கோவில் கடை, களியக்காவிளை தாண்டிப் போனால் திருவனந்தபுரம் கடை, போன் போட்டால் சென்னை ரிச்சி தெரு, வாட்ஸ்அப்பில் துபாயில் இருக்கும் அத்தான். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டை மனதில் வைத்து எல்லாரிடமும் கேட்பது ஒன்றுதான்: "4060 என்ன விலை?" நான்கு விலையும் மத்தியானத்துக்குள் வந்துவிடும். அந்தக் கார்டு தன் வீட்டு மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டரில் எப்படி ஓடும் என்பது மட்டும் எந்த விலையிலும் எழுதியிருக்காது.

சுமார் 25,000 முதல் 45,000 ரூபாய் வரை உள்ள கார்டுகளைத்தான் நடுத்தரம் என்கிறோம். இந்த விலைக்குள் கொண்டுவர ஒவ்வொரு கார்டிலும் கம்பெனி ஏதோ ஒன்றை வெட்டியிருக்கும். ஒன்றில் மெமரி, இன்னொன்றில் பஸ் அகலம் (சிப்புக்கும் மெமரிக்கும் நடுவே உள்ள பாதை), வேறொன்றில் மதர்போர்டோடு பேசும் லேன்கள் (தகவல் போகும் தடங்கள்). வெட்டியது தப்பில்லை, வெட்டாமல் இந்த விலைக்குத் தர முடியாது. வெட்டிய இடத்தில் நம் வேலை போய் முட்டுகிறதா என்று பார்ப்பதுதான் கார்டை எடை போடுவது. ஒருவருக்கு அருமையான கார்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு வீண் செலவாக முடிவது இதனால்தான்.

ஒரே பெயரில் இரண்டு கார்டு

ஆர்டிஎக்ஸ் 3060 என்று 2021 பிப்ரவரியில் வந்தது 12 ஜிபி கார்டு. பஸ் 192 பிட், மெமரி வேகம் நொடிக்கு 360 ஜிபி. அடுத்த ஆண்டு அதே பெயரில் 8 ஜிபி கார்டு ஒன்று வந்தது. மெமரி மட்டும் குறைந்ததாகப் பலர் நினைத்தார்கள். பஸ்ஸும் 128 பிட்டாகச் சுருங்கி, வேகம் 240 ஜிபிக்கு இறங்கியிருந்தது. ஆர்டிஎக்ஸ் 3050 கதையும் இதேதான்: 8 ஜிபி கார்டு ஒரு ஜாதி, 6 ஜிபி கார்டு வேறு ஜாதி. அதற்கு முன் ஜிடிஎக்ஸ் 1060 இருந்தது. கணக்குப் போடும் கோர் 6 ஜிபி கார்டில் 1280, 3 ஜிபி கார்டில் 1152. பழைய மார்க்கெட்டில் இன்னும் சுற்றும் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580-இல் 2304 கோர் உள்ளது ஒன்று, "2048 எஸ்பி" என்று ஓரத்தில் எழுதிய இளைத்த தம்பி ஒன்று. பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருப்பது எல்லாவற்றிலும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

அதனால் கடையில் கேட்க வேண்டியவை பெயருக்குப் பின்னால் வரும் நான்கு விஷயங்கள்: மெமரி எத்தனை ஜிபி, பஸ் எத்தனை பிட், லேன் எத்தனை, எத்தனை வாட். பஸ் தெரிந்தால் மெமரி வேகத்தை நாமே கணக்குப் போடலாம். பிட்டை 8-ஆல் வகுத்து மெமரி சிப்பின் வேகத்தால் பெருக்க வேண்டும். ஆர்டிஎக்ஸ் 4060-க்கு 128 பிட், 17 ஜிகாபிட். 16 பெருக்கல் 17, நொடிக்கு 272 ஜிபி. ஆர்டிஎக்ஸ் 5060-க்கும் 128 பிட்தான், ஆனால் ஜிடிடிஆர்7 சிப் 28 ஜிகாபிட் ஓடுவதால் 448 ஜிபி வருகிறது. ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 20 ஜிகாபிட், 320 ஜிபி. இன்டெல் ஆர்க் பி580-இல் 192 பிட், 456 ஜிபி.

இந்த எண்ணை மட்டும் வைத்துக் கார்டுகளை வரிசைப்படுத்தினாலும் தவறிவிடும். 2020 டிசம்பரில் 399 டாலருக்கு வந்த ஆர்டிஎக்ஸ் 3060 டிஐ-யில் பஸ் 256 பிட், 448 ஜிபி. 2023 மே மாதம் அதே 399 டாலருக்கு வந்த 4060 டிஐ-யில் 128 பிட், 288 ஜிபி. கணக்குப்படி புதியது படுத்திருக்க வேண்டும். படுக்கவில்லை. சிப்புக்குள்ளேயே இருக்கும் எல்2 கேஷ் 4 எம்பியிலிருந்து 32 எம்பியாகப் பெருத்திருந்தது. அடிக்கடி தேவைப்படும் தகவலுக்காக வெளி மெமரிக்கு ஓடும் ஓட்டம் குறைந்தது. 1080பி ரெசல்யூஷனில் அந்தக் கேஷ் ஈடு கொடுத்தது. ரெசல்யூஷன் ஏற ஏறக் கேஷ் போதாமல், குறுகிய பஸ் தன் குணத்தைக் காட்டியது. இரண்டரை வருடம் கழித்து அதே விலையில் கிடைத்த முன்னேற்றம் பத்து சதவீதத்தை ஒட்டித்தான் இருந்தது. தலைமுறை எண் மாறினாலே வேகம் இரட்டிக்கும் என்ற நம்பிக்கையைக் கைவிட இந்த ஒரு உதாரணம் போதும்.

8 ஜிபி நிரம்பினால்

நடுத்தரக் கார்டுகளில் இன்று முதலில் முட்டும் இடம் பெரும்பாலும் மெமரிதான். கோர்கள் மெதுவாக இருந்தால் எஃப்பிஎஸ் (நொடிக்கு வரும் ஃப்ரேம்) ஒரே சீராகக் குறையும். செட்டிங்கைக் கொஞ்சம் இறக்கினால் சரியாகிவிடும். மெமரி நிரம்பினால் அப்படி இல்லை. சராசரி 70 என்று காட்டிக்கொண்டே இருக்கும், திரும்பும் இடத்திலெல்லாம் அரை நொடி உறையும். சில கேம்கள் உறையவும் செய்யாது. சத்தமில்லாமல் சுவரின் மேலே ஒட்டிய படத்தை, அதாவது டெக்ஸ்ச்சரை, மங்கலாக்கிவிட்டு, எஃப்பிஎஸ்ஸை நல்லபடியாகக் காட்டும். எண்ணை மட்டும் பார்க்கும் டெஸ்டில் இது தெரியவே தெரியாது.

நிரம்பும்போது உள்ளே நடப்பது இது: இடம் கொள்ளாத தகவலை விண்டோஸ் கம்ப்யூட்டரின் சாதாரண ரேமில் வைக்கும். தேவைப்படும்போது அது மதர்போர்டில் கார்டு உட்காரும் பிசிஐஇ ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு வர வேண்டும். 4060-இன் சொந்த மெமரி நொடிக்கு 272 ஜிபி தரும். பிசிஐஇ 4.0-இல் 8 லேன் தருவது சுமார் 15.75 ஜிபி, பிசிஐஇ 3.0-இல் அதில் பாதி, 7.9 ஜிபி. நான்குவழிச் சாலையில் வந்த லாரி கல்படிச் சந்தில் நுழைகிற மாதிரி.

2023 தொடக்கத்தில் வந்த சில பெரிய கேம்களில் இது பகிரங்கமாகத் தெரிந்தது. 4060 டிஐ 8 ஜிபி, அதே சிப் உள்ள 16 ஜிபி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரும்பாலான கேம்களில் ஒரே எண்; சிலவற்றில் மட்டும் 8 ஜிபி கார்டு தடுக்கி விழும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியிலும் இதே ஏற்பாடு: 2025-இல் வந்தபோது 8 ஜிபிக்கு 299 டாலர், 16 ஜிபிக்கு 349. ஐம்பது டாலரில் முடிகிற வித்தியாசம் நம் ஊரில் சில சமயம் எட்டாயிரம் ரூபாயாகிவிடும். மெமரி சிப் விலை ஏறும் காலத்தில் அது இன்னும் விரியும்.

எனக்கு எது தேவை என்று கேட்டால் பதில் இப்படிப் பிரியும். வாலரன்ட், சிஎஸ்2, ஜிடிஏ 5, எமுலேட்டரில் பிஜிஎம்ஐ என்று 1080பி மானிட்டரில் ஆடுபவருக்கு 8 ஜிபி போதும். அதிகம் கொடுப்பது வீண். புதிதாக வரும் பெரிய கேம்களை ஹை, அல்ட்ரா டெக்ஸ்ச்சரில் மூன்று நான்கு வருடம் ஆட நினைப்பவர் 12-க்குக் கீழே வாங்கக் கூடாது. 1440பி மானிட்டர் இருந்தாலும் அப்படியே. 1080பி-யில் ஒரு ஃப்ரேமுக்கு 20.7 லட்சம் பிக்சல், 1440பி-யில் 36.9 லட்சம். வேலை எழுபத்தெட்டு சதவீதம் கூடுகிறது.

ஸ்லாட்டும் பிராசசரும்

லேன் விஷயத்தைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். 4060, 4060 டிஐ, ஆர்எக்ஸ் 6600, 7600, பி580 எல்லாம் நீளமான ஸ்லாட்டில் உட்கார்ந்தாலும் பேசுவது 8 லேனில்தான். 5060-உம் 8 லேன்தான், பிசிஐஇ 5.0. பிசிஐஇ 4.0 தரும் பி550 மதர்போர்டு, ரைசன் 5 5600 பிராசசர் இருந்தால் பயமில்லை. பி450, ஏ520, எச்410, பி460 போர்டுகள் பிசிஐஇ 3.0, அங்கே இந்தக் கார்டுகளுக்கு வழி பாதியாகிறது. மெமரி நிரம்பாதவரை இழப்பு சில சதவீதம். நிரம்பினால் மேலே சொன்ன சந்து இன்னும் ஒடுங்கும். ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டிக்கு 16 லேன் இருப்பது பழைய போர்டுக்காரர்களுக்கு உண்மையான அனுகூலம்; விளம்பரத்தில் இது பெரிதாக வராது.

மாட்டிக்கொள்ளும் இடம் இன்னொன்று உண்டு. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 5600ஜி பிராசசரை வாங்கி, கிராபிக்ஸ் கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அசெம்பிள் செய்த மெஷின்கள் நம் பக்கத்தில் ஏராளம். அந்த பிராசசர் பிசிஐஇ 3.0 மட்டும்தான் தரும். போர்டு பி550-ஆக இருந்தும் பயனில்லை. ரைசன் 5 8500ஜி இன்னும் மோசம்: கார்டுக்கு நான்கே லேன். 8600ஜி-யில் எட்டு.

பிராசசரின் பலமும் சேர்ந்துதான் கணக்கு. கேம் ஓடும்போது கார்டின் பயன்பாடு 97–99 சதவீதம் என்று காட்டினால் கார்டுதான் எல்லை. புதுக் கார்டு போட்டால் பலன் தெரியும். 60–70 சதவீதத்தில் நின்றால் பிராசசர் தகவல் தயாரித்துக் கொடுப்பதற்காகக் கார்டு கைகட்டி நிற்கிறது என்று அர்த்தம். அங்கே முப்பதாயிரம் கொட்டினாலும் எஃப்பிஎஸ் அசையாது. வாங்குவதற்கு முன்பே இதை இருக்கும் கார்டில் பார்க்கலாம்: ரெசல்யூஷனை 1080-இலிருந்து 720-க்கு இறக்கி அதே இடத்தில் நின்று பாருங்கள். எஃப்பிஎஸ் கூடவில்லை என்றால் தடை பிராசசர்.

இன்டெல்லின் பி580-க்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். 12 ஜிபி, 249 டாலர் அறிவிப்பு விலை என்று 2024 டிசம்பரில் வந்தபோது எல்லாரும் பாராட்டினார்கள், நியாயமாகத்தான். டெஸ்ட் செய்தவர்கள் பெரும்பாலும் விலையுயர்ந்த பிராசசரில் போட்டுப் பார்த்திருந்தார்கள். ரைசன் 5 2600 போன்ற பழைய பிராசசரில் போட்டபோது டிரைவர் பிராசசரிடம் அதிக வேலை வாங்குவதால் எஃப்பிஎஸ் சறுக்கியது. தவிர, கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே வீச்சில் எட்ட உதவும் ரீசைசபிள் பார் இந்தக் கார்டுக்குக் கட்டாயம். பயாஸில் முதலில் சிஎஸ்எம்-ஐ (பழைய பூட் முறை) அணைத்து, அபவ் 4ஜி டீகோடிங்கை ஆன் செய்து, பிறகு ரீசைஸ் பாரை ஆன் செய்ய வேண்டும். பழைய விண்டோஸ் எம்பிஆர் என்ற பழைய முறையில் பிரித்த டிஸ்கில் இருந்தால் சிஎஸ்எம்-ஐ அணைத்ததும் கம்ப்யூட்டர் பூட் ஆகாது. அதற்கு முன் டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க்கின் பிராப்பர்ட்டீஸ் திறந்து ஜிபிடியா எம்பிஆரா என்று பார்த்து, எம்பிஆர் என்றால் பேக்கப் எடுத்துவிட்டு விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் மாற்றிக்கொள்ள வேண்டும். இந்த வரிசை மாறி, "கார்டு கம்ப்ளைன்ட்" என்று திருப்பிக் கொண்டுவருபவர்கள் உண்டு.

டெஸ்ட் எண்ணை வாசிப்பது

சராசரி எஃப்பிஎஸ் ஒரு மயக்கும் எண். 60 எஃப்பிஎஸ் என்றால் ஃப்ரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், 144 என்றால் 6.9. ஒரு நொடியில் 59 ஃப்ரேம் சீக்கிரம் வந்து ஒன்று மட்டும் 200 மில்லிசெகண்ட் எடுத்தால், சராசரி பிழைத்துக்கொள்ளும், கண் பிழைக்காது. அதனால்தான் 1% லோ என்ற எண்ணைச் சேர்த்துப் பார்க்கிறோம். சராசரி 80 எஃப்பிஎஸ்ஸில் ஒரு நிமிடம் ஓடினால் 4,800 ஃப்ரேம். அதில் மிக மோசமான 48 ஃப்ரேம்தான் அந்த 1%. சிலர் இந்த 48-இன் சராசரியைச் சொல்வார்கள், சிலர் எல்லையில் நிற்கும் ஒரு ஃப்ரேமைச் சொல்வார்கள். ஆகவே ஒருவர் தந்த 1% லோவை இன்னொருவர் தந்ததோடு ஒப்பிடக் கூடாது. ஒரே டெஸ்டுக்குள் மட்டும் ஒப்பிடலாம். சராசரிக்கும் 1% லோவுக்கும் இடைவெளி ஒரு கார்டில் மட்டும் அகலமாக இருந்தால் அங்கே மெமரியைச் சந்தேகிக்கலாம்.

வீட்டில் அளப்பவர் ஆஃப்டர்பர்னரோ கேப்ஃப்ரேம்எக்ஸோ, இப்படி ஃப்ரேமை அளக்கும் ஒரு மென்பொருளைப் போட்டு, கேமில் ஒரே பாதையை 60 நொடி ஓடி, மூன்று முறை எடுக்க வேண்டும். முதல் ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள். ஷேடர் (கார்டுக்கான சிறு நிரல்) தொகுக்கும் தடுமாற்றம் அதில் கலந்திருக்கும். கார்டு சூடேறாமல் எடுத்த எண்ணும் பொய். பத்து நிமிடம் ஓடவிட்டு, பிறகு அளக்க வேண்டும்.

ஃப்ரேம் ஜெனரேஷன், அதாவது கார்டே நடுவில் ஃப்ரேம் செய்து செருகுவது, சேர்த்த எண்களைத் தனியாக வையுங்கள். 2025 ஜனவரியில் 549 டாலர் ஆர்டிஎக்ஸ் 5070-ஐ "4090-இன் செயல்திறன்" என்று என்விடியா மேடையில் சொன்னது. ஒரு உண்மையான ஃப்ரேமுக்கு மூன்று வரை நடுவில் செருகிய கணக்கு அது. செருகிய ஃப்ரேமில் மவுஸ் அசைவு இருக்காது. இரண்டு உண்மை ஃப்ரேமுக்கு நடுவே ஒன்றைச் செய்ய, வந்த ஃப்ரேமைக் கொஞ்சம் பிடித்து வைக்க வேண்டும். அதனால் கையின் தாமதம் கூடும். அடிப்படை 60 இருந்தால் 120 ஆக்கும்போது அழகாக இருக்கும். அடிப்படை 30-ஐ 60 ஆக்கினால் பார்க்க 60, பிடிக்க 30-ஐவிட மந்தம். இதற்கும் மெமரி செலவாகும் என்பதால் 8 ஜிபி கார்டில் அதை ஆன் செய்ததும் உள்ளதும் போவது உண்டு. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் அப்ஸ்கேலிங் வேறு விஷயம். குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்குவது உண்மையான வேகத்தையே கூட்டும், தாமதத்தையும் குறைக்கும். அதைக் கார்டின் மதிப்பில் தாராளமாகச் சேர்க்கலாம்.

ரூபாய்க் கணக்கு

அமெரிக்க விலையில் வரி சேராது என்பதை முதலில் நினைவில் வைக்க வேண்டும். 299 டாலர், டாலருக்கு 86 ரூபாய் என்று கொண்டால் 25,714. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தால் 30,343. இதற்குக் கிட்டத்தட்ட ஒரு கடை விலை சொன்னால் அவர் கொள்ளை அடிக்கவில்லை. 36,000 சொன்னால் பேரம் பேசலாம்.

பிறகு ஃப்ரேமுக்கு எத்தனை ரூபாய் என்ற கணக்கு. 27,000 ரூபாய் கார்டு 78 எஃப்பிஎஸ், 37,000 ரூபாய் கார்டு 92 எஃப்பிஎஸ் என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் ஃப்ரேமுக்கு 346 ரூபாய், இரண்டாவதில் 402. மலிவானது ஜெயிக்கிறது. ஆனால் புதிதாக முழு கம்ப்யூட்டரும் வாங்குகிறார், மற்ற பாகங்களுக்கு 45,000 ஆகிறது என்றால்? 72,000-ஐ 78-ஆல் வகுத்தால் 923; 82,000-ஐ 92-ஆல் வகுத்தால் 891. விலையுயர்ந்தது ஜெயிக்கிறது. இனி, கம்ப்யூட்டர் ஏற்கெனவே இருக்கிறது, 45 எஃப்பிஎஸ் தரும் பழைய கார்டை 8,000-க்கு விற்கிறார் என்றால், கூடக் கிடைக்கும் ஃப்ரேமை வைத்துத்தான் பார்க்க வேண்டும். 19,000 கொடுத்து 33 ஃப்ரேம் கூடுகிறது, ஒன்றுக்கு 576. அல்லது 29,000 கொடுத்து 47 கூடுகிறது, ஒன்றுக்கு 617. மறுபடியும் மலிவானது முன்னால். கார்டுகள் மாறவில்லை, வாங்குபவர் மாறினார். பட்டை வரைபடத்தில் "சிறந்த மதிப்பு" என்று ஒரே கார்டுக்குப் பட்டம் கட்டுபவர்கள் எந்த வாங்குபவரை மனதில் வைத்தார்கள் என்று சொல்வதே இல்லை.

கல்யாண வீடியோ ஸ்டூடியோவுக்கு

குமரி மாவட்டத்தில் கார்டு வாங்குபவர்களில் ஆல்பம், வீடியோ ஸ்டூடியோக்காரர்கள் கணிசம். அவர்களுக்கு எஃப்பிஎஸ் அட்டவணை கிட்டத்தட்டப் பயனற்றது. புதிய கேமராக்கள் நிறத் தகவலை அதிகமாக வைக்கும் 10 பிட் 4:2:2 முறையில் பதிவு செய்கின்றன. அந்த ஃபைலை டைம்லைனில் ஓட்டும்போது கார்டு தன் டீகோடரால் திறக்க முடிந்தால் வழுக்கிக்கொண்டு போகும். முடியாவிட்டால் பிராசசர் மூச்சு வாங்கும். என்விடியா கார்டுகளில் 4:2:2 டீகோடிங் 50 வரிசையில்தான் வந்தது. 4070 வைத்திருப்பவருக்கு இல்லாதது 5060-இல் இருக்கிறது. ஆர்க் கார்டுகளிலும், 12-ஆம் தலைமுறை முதலான இன்டெல் பிராசசரின் உள் கிராபிக்ஸிலும் எச்.265 4:2:2 உண்டு. பத்து இருபது ரூபாய் மிச்சம் பார்க்கிற மாதிரி, பெயர் கடைசியில் "எஃப்" உள்ள இன்டெல் பிராசசரை வாங்கி அந்த உள் கிராபிக்ஸை இழக்கும் ஸ்டூடியோக்கள் உண்டு. அதை வாங்காமல் இருந்தாலே புதுக் கார்டு தேவைப்படாமல் போயிருக்கும்.

கரண்டும் காற்றும் பல்லியும்

கம்ப்யூட்டருக்குக் கரண்ட் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ்ஸில், உள்ளூர் மலிவு ரகத்தில், "500 வாட்" என்று ஸ்டிக்கர் இருக்கும். பக்கவாட்டு அட்டவணையில் 12 வோல்ட் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 20 ஆம்பியர் என்றால் 12 பெருக்கல் 20, 240 வாட்தான். கார்டு பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் வாழ்கிறது. 115 வாட் 4060 அதில் மூச்சுப்பிடித்து ஓடலாம். 180 வாட் 5060 டிஐ, 190 வாட் பி580 லோடு ஏறியதும் கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்யும். கார்டுக்கான 8 பின் கேபிள் இல்லாத எஸ்எம்பிஎஸ்ஸுக்கு, டிஸ்க்குக்குக் கரண்ட் தரும் சாட்டா பிளக்கிலிருந்து 8 பின் மாற்றும் அடாப்டரைக் கொடுத்தால் வாங்காதீர்கள். சாட்டா பிளக்கின் தாங்கும் சக்தி 54 வாட், 8 பின் கேட்பது 150 வரை. பிளக் உருகிய வாசனைதான் மிச்சம். நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஆகும் ஐந்தாயிரத்தையும் கார்டின் விலையோடு சேர்த்துத்தான் மேலே போட்ட கணக்கைப் போட வேண்டும்.

யுபிஎஸ்ஸையும் மறக்கக் கூடாது. சாதாரண 600 விஏ யுபிஎஸ் 360 வாட் தாங்கும். 4060, பிராசசர், மற்றவை சேர்ந்து 245 வாட் என்றால் எஸ்எம்பிஎஸ் இழப்போடு சுவரில் சுமார் 290, மானிட்டரோடு 320. தாங்கும். 5060 டிஐ என்றால் 395 ஆகும். கரண்ட் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் போகும். கரண்ட் பில் பயம் மட்டும் கொஞ்சம் மிகை. 75 வாட் வித்தியாசம், தினம் நான்கு மணி நேரம், இரண்டு மாதம்: 18 யூனிட். தமிழ்நாட்டில் 500 யூனிட் எல்லையை ஒட்டி இருப்பவருக்குத்தான் அது உறைக்கும்.

டெஸ்ட் செய்பவர்கள் ஏசி அறையில் அளக்கிறார்கள். ஏப்ரலில் இங்கே அறை 33 டிகிரி. அங்கே 68 காட்டிய கார்டு இங்கே 78 காட்டுவது இயல்பு. அறை ஏறிய அளவு கார்டும் ஏறும். ஆகவே இரண்டாயிரம் மிச்சம் பார்த்து ஒற்றை ஃபேன் கார்டு வாங்குவதை இந்தப் பக்கத்தில் பரிந்துரைக்க மாட்டோம். கொல்லங்கோடு, குளச்சல் மாதிரிக் கடலோரத்தில் உப்புக்காற்று வேறு. மழைக்காலத்தில் பல நாள் அணைத்தே வைக்காமல் தினம் கொஞ்ச நேரமாவது ஓடவிட்டால் உள்ளே ஈரம் தங்காது. கேபினெட்டின் பின்பக்கம் காலி ஸ்லாட் மூடியைக் கழற்றிவிட்டு விடாதீர்கள். சூட்டுக்கு ஒதுங்கும் பல்லி உள்ளே போய் கார்டின் பின்பக்கத்தில் படுத்தால் இரண்டு உயிரும் போகும், வாரண்டியும் கிடைக்காது. இடி மின்னலுக்குப் பிளக்கைப் பிடுங்குகிறவர்கள் நெட்வொர்க் கேபிளை அப்படியே விடுகிறார்கள். கேபிள் பிராட்பேண்ட் வழியாக வருவதும் அதே மின்னல்தான்.

பழைய கார்டு

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை உண்டாக்கும் மைனிங்குக்குக் கார்டு தேவையில்லாமல் போனதும் சந்தையில் கார்டுகள் கொட்டின. அவற்றில் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மைனிங் ஓடியது என்பதற்காகவே ஒதுக்க வேண்டியதில்லை. சிப் பெரும்பாலும் தப்பியிருக்கும், ஃபேன் பேரிங்கும் தெர்மல் பேடும்தான் செத்திருக்கும். விற்பவர் முன்னாலேயே ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து கோர், பஸ், மெமரி பார்க்க வேண்டும். பழைய சிப்புக்குப் புதுப் பெயர் ஃபிளாஷ் செய்த போலிக் கார்டுகள் பலவற்றை அது "ஃபேக்" என்று பெயருக்கு முன்னால் காட்டிக்கொடுக்கும். இருபது நிமிடம் லோடு கொடுத்து, கோர் சூட்டுக்கும் ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான புள்ளி) சூட்டுக்கும் 25 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் பேஸ்ட் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள். ஜிடிஎக்ஸ் 1080 டிஐ மாதிரி பழைய ராஜாக்களை விலைக்கு மயங்கி எடுக்கும்முன் ஒன்று: ஒளி போகும் வழியைக் கணக்கிட்டு வரையும் ரே டிரேசிங் வன்பொருள் இல்லாமல் திறக்கவே திறக்காத கேம்கள் வரத் தொடங்கிவிட்டன. 2025-இல் வந்த டூம்: தி டார்க் ஏஜஸ் அப்படி ஒன்று.

எல்லைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தது; இன்று வரி இரண்டு பக்கமும் ஒன்றுதான். அந்தப் பக்கம் குறைவாகக் கிடைப்பது ஓணம் ஆஃபரால், இந்தப் பக்கம் தீபாவளியால். ஆனால் ஜிஎஸ்டி பதிவு வைத்திருக்கும் ஸ்டூடியோக்காரர் திருவனந்தபுரம் கடையில் நேரில் கையில் வாங்கி, கேரளத்து சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி (மத்திய, மாநிலப் பங்கு) போட்ட பில்லோடு வந்தால், இங்கே அந்த வரியை வரவு எடுக்க முடியாது. 30,000 ரூபாய் பில்லில் அது 4,576 ரூபாய். பொருளைத் தமிழ்நாட்டு முகவரிக்கு அனுப்பி, மாநிலம் விட்டு மாநிலம் விற்கும்போது போடும் ஐஜிஎஸ்டி பில் போடச் சொல்லுங்கள். வீட்டுக்கு வாங்குபவருக்கு இந்தக் கவலை இல்லை. அவர் கேட்க வேண்டியது வாரண்டி ரிப்பேருக்குக் கார்டை எங்கே கொடுப்பது என்று. சென்னைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்றால் கூரியர் செலவும், கார்டு இல்லாத வாரங்களும் விலையில் சேரும். பக்கத்தில் இருக்கும் திருவனந்தபுரத்திலேயே வாங்கிக்கொள்வார்கள் என்றால் ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

துபாய்க் கார்டின் கவர்ச்சி அங்கே வாட் என்ற விற்பனை வரி 5 சதவீதம் என்பது. வித்தியாசம் நிஜம்தான். ஆனால் பல பிராண்டுகள் வாங்கிய நாட்டில்தான் வாரண்டி தருகின்றன. பில் துபாய்க் கடையின் பெயரில் இருக்க, இங்குள்ள விநியோகஸ்தர் கை விரித்துவிடுவார். அத்தான் கடைக்குள் நிற்கும்போதே பெட்டியின் பக்கவாட்டுச் சீரியல் எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் போட்டு, வாரண்டி பகுதியில் இந்தியா வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு காசு கொடுக்கச் சொல்லலாம்.